எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 34. படுத்தாலே மூக்கு அடைத்துக்கொள்கிறது. காலையில் அடுக்குத் தும்மல். ஐந்து மாதமாக இரவில் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தும், ஒரு குளோர்பெனிரமைன் மாத்திரையும் எடுக்கிறேன். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் அசதி. தூக்க மாத்திரை தேவையா?

பதில்: தேவையில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மூக்குதான். படுத்ததும் மூக்கினுள் உள்ள சதை மடிப்புகளில் ரத்தம் தேங்கி வீங்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துளை அடைபடும். இது எல்லோருக்கும் கொஞ்சம் நடப்பதுதான். அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்த வீக்கம் மூச்சையே தடுக்கிறது. வாயால் மூச்சு விடுகிறீர்கள், குறட்டை வருகிறது, உங்களுக்கே தெரியாமல் தூக்கம் பலமுறை கலைகிறது. அசதிக்கு இதுதான் காரணம்.

நீங்கள் எடுக்கும் குளோர்பெனிரமைன் என்ற அலர்ஜி மாத்திரையும் உதவவில்லை. தூக்கம் வரவழைத்தாலும் கனவு காணும் தூக்கத்தைக் குறைக்கும். மந்தம் மறுநாள் வரை நீடிக்கும். தூக்கம் தராத ஃபெக்ஸோஃபெனடின் போன்ற அலர்ஜி மாத்திரை நல்லது. அதைப் பழச்சாறுடன் விழுங்காதீர்கள், மருந்து சரியாக உடலில் சேராது.

பெரிய சிக்கல் சொட்டு மருந்து. ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதன் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அடைப்புக்குப் போட்ட மருந்தே அடைப்பைத் தருகிறது. முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்துங்கள். அது திறந்த பிறகு மற்றதற்கும் நிறுத்துங்கள். ஓரிரு வாரம் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, உங்கள் மருத்துவரைக் கேட்டு மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே (ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன்) தொடங்குங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான ஆரம்ப அளவு ஒவ்வொரு துளையிலும் 2 முறை, நாளுக்கு ஒரு வேளை. பலர் "ஸ்பிரே வேலை செய்யவில்லை" என்பதற்குக் காரணம், அடிக்கும் விதம். மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, தலையை லேசாக முன்னே சாயுங்கள். வலது துளைக்கு இடது கையால், இடது துளைக்கு வலது கையால் பிடியுங்கள். முனை நடுச்சுவரை நோக்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். மெதுவாக மூச்சை இழுங்கள். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரில் அடித்தால் எரிச்சலும் ரத்தக் கசிவும் வரும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். ஒரே நாளில் கைவிடாதீர்கள்.

தலையணையையும் கவனியுங்கள். காலைத் தும்மலுக்குத் தூசிப் பூச்சி காரணமாக இருக்கக்கூடும். அது ஈரப்பதமும் உதிர்ந்த தோல் துகளும் உள்ள மெத்தையில் வளரும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் காயப்போடுவது மட்டும் போதாது, இறந்த பூச்சியின் கழிவுகூட அலர்ஜி தரும்.

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னாலோ, எப்போதும் ஒரே பக்கம் அடைத்தாலோ, அந்தப் பக்கம் ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.