பழைய பிக்கப்பில் டீசல் இன்ஜின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த இன்ஜின் நல்லது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதற்குப் பதில் முதலிலேயே இருக்கிறது. ஆனால் பாதியில் நின்றுபோய் என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கியர், பிரேக், டீசல் லைன் பற்றி யோசிக்காமல் இறங்கியதுதான் வினையாகியிருந்தது.

சார், என் பிக்கப்புக்கு 30 வயது. கம்மின்ஸ் 4பிடி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வண்டி எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது. 4பிடி 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் முழுக்க மெக்கானிக்கல். 105 குதிரைத்திறன்தான் தரும், ஆனால் 1,600 ஆர்பிஎம் பக்கத்திலேயே சுமார் 360 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) கிடைத்துவிடும். சுமை இழுக்க இதைவிட என்ன வேண்டும்? சிக்கல் எடையில் இருக்கிறது. ஆயில் ஊற்றாமலே 340 கிலோவுக்குக் குறையாது. சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் அதை உட்கார வைத்தால் முன் ஸ்பிரிங் படுத்துவிடும், ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்க்கும். அதிர்வும் அதிகம். கெட்டி ரப்பர் மவுண்டிங் போட்டால் டேஷ்போர்டு திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

பெரிய சேஸி என்றால் தாராளமாக 4பிடி போடலாம். சின்ன, நடுத்தர வண்டிக்கு இசுசுவின் 2.8 லிட்டர் 4ஜேபி1 பொருத்தமானது, கணிசமாக எடை குறைவு. மென்மையான ஓட்டம் வேண்டுமென்றால் மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617. அதன் 3 லிட்டர் டர்போ வகையை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். கம்மின்ஸின் ஆறு சிலிண்டர் 6பிடி அரை டன் எடை. அதற்கென்றே பிறந்த சேஸியைத் தவிர வேறு எதிலும் வேண்டாம்.

கம்மின்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் முன்பக்க கியர்களை மூடியிருக்கும் டைமிங் கேஸை நிலைப்படுத்தும் டவல் பின் என்ற சிறிய இரும்பு முளை, அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியர்களுக்கு நடுவே விழக்கூடும். விழுந்தால் கேஸ் உடையும், சில நேரம் இன்ஜினே போய்விடும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே முன் கவரைக் கழற்றி, அந்த டவல் பின் வெளியே வராதபடி ஒரு தகட்டை போல்ட்டோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள்.

இன்ஜின் மாற்றிய பிறகு வண்டி 85-க்கு மேல் போக மறுக்கிறது. பம்ப் கோளாறா?

பம்ப் மேல் பழி போடாதீர்கள். கியர் விகிதத்தைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் 5,000 ஆர்பிஎம் வரை சுற்றும் என்ற கணக்கில் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியைப் போட்டிருப்பார்கள். உங்கள் டீசலோ 2,500-க்கு மேல் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டீசலை வெட்டிவிடுகிற ரகம்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். டயர் விட்டம் 75 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 2.36 மீட்டர். 100 கி.மீ. வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 707 முறை சுற்ற வேண்டும். ஆக்சில் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றுகிறது என்றால் டாப் கியரில் இன்ஜின் 2,900 சுற்ற வேண்டும். முடியாது. 2,500-இல் உங்களுக்குக் கிடைப்பது 86 கி.மீ., நீங்கள் எழுதியதும் அதுதானே. ஆக்சிலை 3.54-க்கு மாற்றினால் அதே 2,500-இல் 100 வந்துவிடும். ஆக்சிலைத் தொடாமல் 0.75 ஓவர்டிரைவ் (இன்ஜின் முக்கால் சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும் கியர்) உள்ள ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் 100-க்கு சுமார் 2,170 போதும். நானாக இருந்தால் கியர்பாக்ஸைத்தான் மாற்றுவேன். பெட்ரோல் இன்ஜினோடு வந்த பழைய பாக்ஸ் டீசலின் டார்க்கை ரொம்ப நாள் தாங்காது என்பதும் ஒரு காரணம்.

இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் பிளேட் வந்தால், கிராங்க் மையமும் பெல் ஹவுசிங் (கிளட்சைச் சுற்றியுள்ள கூடு) மையமும் ஒன்றாக நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். கண்ணளவு போதாது. மையம் சற்று விலகினாலும் கிளட்சும் இன்புட் பேரிங்கும் அடிக்கடி போகும்.

பிரேக் பெடல் கட்டை போல இருக்கிறது. பூஸ்டர் புதிது.

பூஸ்டர், அதாவது பெடலை அழுத்தும் காலுக்கு உதவும் பாகம், நன்றாகத்தான் இருக்கும், அதை இழுக்க வேக்குவம் (காற்று உறிஞ்சும் விசை) இல்லை. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாகும், பூஸ்டர் அதில் வேலை செய்யும். பழைய மெக்கானிக்கல் டீசலில் காற்றுப் பாதையில் த்ராட்டில் கிடையாது, வேக்குவமும் கிடையாது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். சில டீசல்களில் டைனமோவின் பின்னாலேயே அந்த பம்ப் இருக்கும். டைனமோவை மாற்றியவர்கள் அதையும் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள். இன்னொரு வழி, பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பூஸ்டர்.

நான் முதன்முதலில் மாற்றிய வண்டியில் இதை மறந்துவிட்டேன். பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு காலையும் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பிரேக் சரியாகாமல் எந்த வண்டியையும் வெளியே எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

பழைய பெட்ரோல் டேங்கையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் கழற்றி முழுதாகக் கழுவிய பிறகு. பெட்ரோல் ஆவி அடங்காத டேங்கில் வெல்டிங் பக்கமே போகாதீர்கள், வெடிக்கும். டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு, அதில் பெட்ரோல் கலந்தால் பம்ப் தேயும். பெட்ரோலுக்கு இருந்த உள் பம்பை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்ஷன் பம்ப் திருப்பி அனுப்பும் டீசலுக்கு ரிட்டர்ன் லைன் ஒன்று டேங்குக்கு வர வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், டீசலோடு சேர்ந்து கசடு கட்டும்.

எல்லாம் மாட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். லைனில் ஏர் பிடித்திருக்கும். ஹேண்ட் பிரைமரை அமுக்கி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள்.

லாரியிலிருந்து எடுத்த இன்ஜின். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது.

அது 24 வோல்ட் செல்ஃபாக இருக்கும். உங்கள் பிக்கப் 12 வோல்ட். செல்ஃப், டைனமோ, ஹீட்டர் பிளக், டீசலை நிறுத்தும் சொலினாய்டு நான்கையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். பேட்டரியும் பெரிதாக வேண்டும்.

பழைய இன்ஜின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஆறிய நிலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம், குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப்புகை என்றால் கம்ப்ரெஷனையோ நாசிலையோ சந்தேகப்படுங்கள்.

டர்போ சீல் போன இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தறிகெட்டு ஓடக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பலகையோ இரும்புத் தகடோ வைத்துக் காற்று வாயை மூடினால் நிற்கும். கையை வைக்கவே கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே தகட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு டீசலில் திரும்பி வருமா?

எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பினால் பெரும்பாலும் வராது. தினமும் சுமை இழுக்கிறவருக்கு அர்த்தம் உண்டு. எதற்கும், உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகம் எரிபொருள் மாற்றத்தை அனுமதிக்கிறதா என்று இன்ஜின் வாங்கும் முன் கேளுங்கள்.

ஆர்பிஎம் மீட்டர் அசையவே இல்லை.

அது இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் வாங்கிய மீட்டர், டீசலில் காயில் இல்லை. டைனமோவில் டபிள்யூ முனை இருந்தால் அதிலிருந்து வயர் எடுத்து, டீசல் மீட்டர் ஒன்றைப் போடுங்கள். புல்லி அளவுக்கேற்ப அதை ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.