தீவு விடுமுறையில் எதை எந்த நேரத்தில் செய்வது?

பவளப்பாறை சூழ்ந்த வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறோம், கையில் ஐந்து நாள்கள் இருக்கின்றன, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களின் பட்டியலைத் தேடுவதற்கு முன்பு அந்தத் தீவின் கடல் ஏற்றவற்ற அட்டவணையைத் தேடி எடுங்கள் என்பதே என் பதில்.

என் முதல் தீவுப் பயணத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முன்கூட்டியே வேலை ஒதுக்கியிருந்தேன். பவளப்பாறைக்கென ஒதுக்கிய பிற்பகலில் போய் நின்றபோது கடல் வற்றி முழங்காலளவு நீரே இருந்தது. இருந்த நீரையும் காற்று கலக்கிவிட்டிருந்தது. பெரும்பாலான கரைகளில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடங்கள் ஆகும். அந்த நேரமும் நாள்தோறும் சுமார் 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு இன்னும் பெரிதாக இருக்கும். இவ்வளவையும் அறியாமல் போனது என் பிழை.

ஆகவே, ஏற்றம் காலையில் வரும் நாளை ஸ்நார்க்கலிங்குக்கு, அதாவது மூச்சுக்குழாயுடன் நீர்ப்பரப்பில் மிதந்து கடலடியைப் பார்ப்பதற்கு, ஒதுக்குங்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று வலுக்கத் தொடங்கும் என்பதால், காலையில்தான் நீர் பெரும்பாலும் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். முகக்கண்ணாடியை அணிந்து அசையாமல் மிதந்தால் முதலில் காதில் விழுவது ஏதோ கொறிக்கும் ஓசை. அது கிளிமீன் பாறையைக் கடிப்பது. பாறையில் படிந்த பாசிக்காகக் கடிக்கும் அந்த மீன், சுண்ணாம்பைத் தூளாக்கி மணலாக வெளியேற்றுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலைத் தரவல்லது. நாம் புகைப்படம் எடுத்து மகிழும் வெண்மணலில் கணிசமான பங்கு மீனின் கழிவு என்று உடன் வந்தவரிடம் சொன்னேன். அவர் அதை ரசிக்கவில்லை.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, கால் பட்டு உடைந்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். உடலில் பூசும் வெயில் தடுப்புக் களிம்பும் பவளத்துக்குக் கேடாகலாம் என்று கருதி, பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும் ஹவாய் 2021-லும் சில வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளுக்குத் தடை விதித்தன. நீண்ட கை வைத்த நீச்சல் சட்டை இருந்தால் களிம்பின் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

காற்றுக்கலன் சுமந்து ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபா டைவிங் செய்ய விரும்பினால் அதை முதல் மூன்று நாள்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாகிக் கடும் வலியும் ஆபத்தும் விளைவிக்கலாம். பலமுறை மூழ்கியவர் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. எரிமலைத் தீவாக இருந்தால் உயரமான சிகரத்துக்குப் போவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மலையுள்ள தீவுகளில் காற்று வந்து மோதும் பக்கம் மழையும் அருவியும் காடுமாக இருக்கும், மறுபக்கம் வறண்டிருக்கும். தங்குமிடத்தில் மழை பெய்தால் அறைக்குள் முடங்காமல் எதிர்க்கரைக்கு வண்டியை விடுங்கள். மாலத்தீவைப் போன்ற தாழ்ந்த பவளத்தீவுகளில் அந்த வாய்ப்புக் கிடையாது, அங்கே எல்லாமே கடல்தான்.

இரவில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். சில கரைகளில் நுண்ணுயிர்களால் அலை நீலமாக ஒளிரும். நிலவில்லாத இரவுகளில்தான் அது நன்றாகத் தெரியும். ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் கைவிளக்கை அணைத்துவிடுங்கள், குஞ்சுகள் ஒளியை நோக்கித் திசைமாறிவிடும்.

வாழைப்பழ வடிவப் படகுச் சவாரி, ஜெட் ஸ்கீ போன்றவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எந்தக் கடற்கரையிலும் கிடைக்கும். கடைசி நாளை வற்றம் வரும் நேரத்துக்கு விட்டுவைத்து, கரையோரப் பாறைக்குழிகளில் தேங்கிய நீருக்கருகே குந்தி உட்காருங்கள். நண்டும் கடல்வெள்ளரியும் வெளியே வர ஐந்து நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டியிருக்கும்.