வெளியுறவு அமைச்சகத்தில் இன்டர்ன்ஷிப்: ராமநாதபுரம் மாணவிக்கு

வணக்கம் தங்கை. பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு, ஊர் ராமநாதபுரம், டெல்லிக்குப் போய்த் தங்க வீட்டில் வசதியில்லை, வெளியுறவு அமைச்சக இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது முடியாது. பட்டம் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இறுதியாண்டில் இருந்து, இன்டர்ன்ஷிப் உங்கள் பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் இந்த வாரமே கேளுங்கள். வயது வரம்பு 25, அதனால் பட்டம் வாங்கியபின் போடவும் நேரம் இருக்கிறது.

பணம்தான் உங்கள் பெரிய கவலை. மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். டெல்லி போய்வர ஒருமுறை விமானக் கட்டணமும் உண்டு. ஆனால் தங்குமிடம் நம் பொறுப்பு. டெல்லியில் பகிர்ந்து தங்கும் அறை, சாப்பாடு என்று பார்த்தால் 10,000 கையைக் கடிக்கும். பயிற்சி ஒன்று முதல் மூன்று மாதம்தான், எனவே இப்போதிருந்தே கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. ராமநாதபுரம், வளர்ச்சியில் பின்தங்கியவை என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' (Aspirational Districts) பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விருதுநகரும் இதுவும்தான். அந்த மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குத் தேர்வில் முன்னுரிமை உண்டு. அதனால் இருப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மதிப்பெண் பார்த்துச் சலித்த பிறகுதான் நேர்காணல், ஆகவே இந்த செமஸ்டரை விட்டுவிடாதீர்கள். நம் மீனவர் பிரச்சினையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். நேர்காணலில் அதைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள்.