ஓப்பன் சோர்ஸா, பெரிய கம்பெனியா? – வாசகர் கேள்வி பதில்

புதுக் கணினியில் என்னென்ன மென்பொருளை நிறுவலாம் என்று போன இதழில் எழுதியபோது, லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளையும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியையும் பட்டியலின் தலையில் வைத்திருந்தேன். இரண்டும் ஓப்பன் சோர்ஸ்; அதாவது அவற்றின் மூல நிரலை (மென்பொருளை எழுதிய வரிகளை) யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். அதை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நீங்கள் ஓப்பன் சோர்ஸ் கட்சி என்பது எழுத்திலேயே தெரிகிறது. நல்ல மென்பொருளில் பாதியைப் பெரிய கம்பெனிகள்தானே செய்து கொடுத்தன? அவர்கள் மேல் ஏன் இந்தக் கோபம்?

கட்சி இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கம்பெனி என்றாலே கோபம் என்பதெல்லாம் இல்லை. லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது அது. இன்று அதில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் மாதிரி இடங்களில் அதற்காகவே சம்பளம் வாங்குபவர்கள். 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்ன ஸ்டீவ் பால்மர் அப்போது மைக்ரோசாஃப்டின் தலைவர். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல் 750 கோடி டாலர் கொடுத்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பை வாங்கியது. இந்தப் பக்கம் நல்லவர்கள், அந்தப் பக்கம் கெட்டவர்கள் என்று கோடு கிழிக்க முடியாது.

ஒரு மென்பொருளை எடுக்கும்முன் நான் கேட்பது ஒரே கேள்விதான். நாளைக்கு இவர்கள் விலையை ஏற்றினாலோ, கடையை மூடினாலோ, வேறு யாருக்காவது விற்றுவிட்டாலோ, நான் என் வேலையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியுமா?

இந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. முன்பு ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே கணக்கு எழுத ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். முறையாகக் காசு கொடுத்து வாங்கியது, வேலையும் நன்றாகவே செய்தது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது இணையம் வழியாகத் தன் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு உரிமம் செல்லுமா என்று கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால்தான் உள்ளே விடும். அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. கொஞ்ச காலத்தில் அந்த சர்வரை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் காலையில் கணக்காளர் அம்மா வழக்கம்போல் திறக்கிறார். 'உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதில் 'சரி' என்ற ஒரே பொத்தான். அதை அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்கிறது. கணக்குக் கோப்பு முழுவதும் எங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருந்தது. ஆனால் வேறு எதில் திறந்தாலும் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்துகள்தான். கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு வரிவரியாகத் திரும்பத் தட்டினோம். அந்த அம்மாவுக்குத் திட்டக்கூட ஆள் இல்லை. தொலைபேசி எண்ணும் வேலை செய்யவில்லை.

இதோடு 2010-இல் நடந்ததை வைத்துப் பாருங்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அலுவலக மென்பொருளைப் பராமரித்து வந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று அதில் வேலை செய்தவர்களுக்குப் பயம். பலர் வெளியே வந்தார்கள். பெயர் ஆரக்கிளிடம் இருந்ததால் அதைக் கொண்டுவர முடியவில்லை, நிரலைக் கொண்டுவர முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது லிப்ரே ஆபீஸ் ஆனது. பழைய கோப்புகள் ஒன்றுகூட வீணாகவில்லை. அந்தக் கோப்பு வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி எழுதி வைக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது, அவ்வளவுதான். ஓரிடத்தில் எங்கள் குடுமி அவர்கள் கையில் இருந்தது.

மூல நிரலை ஊருக்கே திறந்து வைத்தால் திருடனுக்கும் அது தெரியுமே? இது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

நியாயமான கேள்வி. 'ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் தப்பு நடக்காது' என்று எங்கள் ஆட்கள் சொல்வது வழக்கம். அதை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. இணையத்தில் ரகசியமாகப் பேச உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை 2014-இல் தெரியவந்தது. அது 2012-இலிருந்தே அங்கே இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், ஆனால் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் எதற்கு இந்தப் பக்கம் நிற்கிறேன் என்றால், 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதை ஒரே ஒரு மனிதர், சம்பளம் இல்லாமல், ஆண்டுக்கணக்காகப் பார்த்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவி செய்ய வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்தார். இடையில் வேறு சில பெயர்களில், 'வேலை ஏன் நகரவே இல்லை, பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுங்களேன்' என்று அந்த மனிதரை நெருக்கிக் கடிதங்கள் வந்தன. களைத்துப்போயிருந்த அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். ஜியா டான் வெளியிட்ட 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. சாவி வைத்திருப்பவர் அந்த லினக்ஸ் சர்வருக்குள் தொலைவிலிருந்தே நுழையலாம். அதைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர், சம்பளம் கொடுப்பது மைக்ரோசாஃப்ட். டெபியன் என்ற லினக்ஸ் வகையின், இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வராத பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆயிற்று. உடனே நிராகரிக்கப்பட வேண்டிய நுழைவு முயற்சிகள்கூட சிபியுவைத் தின்றுகொண்டிருந்தன. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் வந்த விநோதமான எச்சரிக்கையும் அவர் நினைவுக்கு வந்தது. தோண்டிக்கொண்டே போனார். மார்ச் 29 அன்று எல்லாவற்றையும் எழுதிப் பொதுவில் போட்டார். பரவலாகப் பயன்படும் லினக்ஸ் பதிப்புகளுக்குப் போய்ச் சேருமுன் பிடிபட்டது.

அரை வினாடி! அதற்காக மெனக்கெட அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்இசட் அவருடைய வேலையும் இல்லை. சந்தேகம் வந்தது, திறந்து பார்த்தார். மூடிய மென்பொருளில் இதே சந்தேகம் உங்களுக்கோ எனக்கோ வந்தால் புகார்க் கடிதம் எழுதலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். 2020-இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் அப்டேட்டிலேயே இதே மாதிரி கள்ளக் கதவு சேர்ந்து, சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போனது. தன் வலைப்பின்னலுக்குள்ளேயே யாரோ புகுந்ததைக் கண்ட ஒரு பாதுகாப்பு நிறுவனம் துப்புத் துலக்கியதில்தான் அது வெளியே வந்தது.

திறந்திருந்தால் திருட்டு நடக்காது என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்படும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்கிறேன். எக்ஸ்இசட் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாதது அந்தத் தனி மனிதரின் நிலைமை. கோடிக்கணக்கான கணினிகள் அவர் தோளில் இருந்தன. அவருக்குத் தோள் கொடுக்க வந்தவர் மட்டும் திருடன்.

இலவசமாகக் கிடைப்பதற்கு நன்கொடை கேட்கிறார்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு ஏன் கேட்க வேண்டும்?

போன பதிலின் கடைசி வரிகளை இன்னொரு தடவை படியுங்கள். ஹார்ட்பிளீட் வெடிக்கும் வரை ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். வங்கிகள், கடைகள், மின்னஞ்சல் நிறுவனங்கள் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்தன. ஓட்டை தெரிந்த பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லோரும் பணம் போட்டார்கள். போட்டதற்கு நன்றி. ஆனால் வீடு பற்றிக்கொண்ட பிறகுதான் தண்ணீர் எடுத்து வருவார்கள் என்றால் அது எனக்கு ஏற்புடையதல்ல. பெரிய கம்பெனிகள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் இருப்பது இந்த ஓரிடத்தில்தான். அடுத்த ஓப்பன்எஸ்எஸ்எல் எது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை அதிகம் பயன்படுத்துபவர்கள் அவர்கள்தான்.

சாதாரண மக்கள் கொடுத்துக் காப்பாற்றிய மென்பொருளும் உண்டு. முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டரைச் செய்த கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. அதன் உரிமையை வைத்திருந்த முதலீட்டாளர்கள் 1 லட்சம் யூரோ கேட்டார்கள். பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசண்டால் இணையத்தில் கையேந்தினார். ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. அந்த அக்டோபரில் பிளெண்டர் கட்டற்ற (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் ஆனது. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய முழுநீள அனிமேஷன் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். நீங்கள் ஒரு நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால், உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் ஒவ்வொன்றையும் யார் பராமரிக்கிறார்கள் என்று இந்த வாரமே ஆள் வைத்துப் பட்டியல் எடுங்கள்.

ஃபோட்டோஷாப் பழகிய கைக்கு கிம்ப் ஒத்துவரவில்லை. எல்லோரும் என்னைக் கொள்கை இல்லாதவன் மாதிரிப் பார்க்கிறார்கள்.

பார்ப்பவர்களை விடுங்கள். பிழைப்புக்கு எது கை கொடுக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். படம் திருத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான கிம்ப்பின் 3.0 பதிப்பு 2025-இல்தான் வந்தது, முடிந்தால் ஒருமுறை பாருங்கள். ஃபோட்டோஷாப்பைச் செய்யும் அடோபி, ஒரே தடவை காசு வாங்கி விற்பதை விட்டு 2013-இல் சந்தாவுக்கு மாறிவிட்டது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். அதனால் முடித்த வேலைகளை, மற்ற மென்பொருளிலும் திறக்கும் டிஃப் அல்லது பிஎன்ஜி பட வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்று வளர்ந்த கம்பெனிகளே திடீரென்று உரிமத்தை மாற்றுகின்றனவே? இவர்களை எப்படி நம்புவது?

தேடல் மென்பொருள் செய்யும் எலாஸ்டிக் 2021-இல் தன் உரிமத்தை, அதாவது நிரலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையை, மாற்றியது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மை வைத்திருந்த ஹாஷிகார்ப் 2023-இல் மாற்றியது. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024-இல். அவர்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. தாங்கள் எழுதியதை கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன, தங்களுக்கு மிஞ்சுவது குறைவு என்கிறார்கள். அந்த மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியிலிருந்து நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் வேறொரு வாக்கை நம்பிக் கொடுத்தார்கள். விளையாட்டின் நடுவில் விதியை மாற்றியது அவர்களுக்குச் செய்த துரோகம் என்றே நினைக்கிறேன்.

என்ன நடந்தது பாருங்கள். மூன்றுக்கும் பழைய நிரலை எடுத்து மற்றவர்கள் தனிக் கிளையாக வளர்த்தார்கள்: ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கீ. எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஒரு ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆள் கிளம்ப முடியும் என்று தெரிந்தால் கம்பெனியும் யோசிக்கும்.

பங்களிக்கும்முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் நிரலின் உரிமத்தைத் தன் இஷ்டப்படி மாற்றும் அதிகாரத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒப்பந்தம் நீட்டுகிறார்களா? நீட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அந்த வேலையே இல்லை. எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானோர், அவரவர் எழுதிய நிரல் வரிக்கு அவரவரோ அவருடைய கம்பெனியோ சொந்தக்காரர். எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் உரிமத்தை மாற்ற முடியாது என்பதால் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் நடக்காது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

பிழையைப் பார்த்தால் ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 'அச்சு எடுத்தால் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த மெனுவை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இவ்வளவும் வேண்டும். பிழை வரும் கோப்பை வெட்டி வெட்டிச் சிறியதாக்குங்கள். நாற்பது பக்க ஆவணத்தில் வரும் பிழை பெரும்பாலும் ஒரே ஓர் அட்டவணையில்தான் ஒளிந்திருக்கும். அந்த அட்டவணையை மட்டும், பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிட்டு இணையுங்கள். லிப்ரே ஆபீஸுக்கு பக்ஸில்லா என்ற தளத்தில் கணக்குத் திறந்து இதைப் பதியலாம். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்கள் விவரத்தை அதன் கீழேயே சேருங்கள். ஓர் அறிக்கையில் ஒரு பிழை போதும். அப்புறம், மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அங்கிருந்து யாராவது சந்தேகம் கேட்டால் உடனே பதில் போடுங்கள். அவர் பெரும்பாலும் தன் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் உங்கள் பிழையைத் திறந்து வைத்திருப்பார்.