பழைய கணினிக்கு ரேம் வாங்குவதா, இஎம்ஐயில் புதிது வாங்குவதா?

கேள்வி: தட்டச்சு, ஜெராக்ஸ், இணையவழி விண்ணப்பம் செய்து தரும் சிறு கடை வைத்திருக்கிறேன். 2013-இல் வாங்கிய கணினி (மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10) மிகவும் மெதுவாகிவிட்டது. சர்வீஸ் செய்பவர் இருக்கும் ரேமைக் கழற்றிவிட்டு 16 ஜிபி போடச் சொல்கிறார். தம்பி 42,000 ரூபாய்க்கு இஎம்ஐயில் புதிது வாங்கச் சொல்கிறான். எது சரி? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். உங்கள் போர்டில் டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேம்தான் பொருந்தும். இன்றைய புதிய கணினிகளிலோ டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 தான் இருக்கிறது. பின்களின் எண்ணிக்கையும் ரேமின் அடிப்பக்கத்தில் உள்ள வெட்டின் இடமும் வேறாக இருப்பதால், இப்போது 16 ஜிபிக்குக் கொடுக்கும் பணம் நாளை வாங்கும் கணினிக்குச் சிறிதும் பயன்படாது. எனவே இதைத் திரும்பி வராத செலவாகவே கணக்கில் வைத்து, தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் குறை ரேமில்தானா என்று பாருங்கள். கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில், வழக்கமான வேலைகள் அனைத்தும் திறந்திருக்கும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால், மெமரி (அதாவது ரேம்) எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதும், ரேம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால் ரேம் போதவில்லை. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ரேம் கூட்டிப் பயனில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவதே வழி. சாட்டா கேபிளில் இணையும் அந்த எஸ்எஸ்டியைப் பெரும்பாலான புதிய மேசைக் கணினிகளிலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதால், அந்தச் செலவு வீணாகாது. பழைய பிரிண்டருக்காக 32 பிட் விண்டோஸ் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

ரேம்தான் குறை, ஒரு ஸ்லாட் காலி என்றால், இருப்பதோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தாலே போதும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் சேர்ந்து வேகமாக இயங்கும். தட்டச்சுக்கும் விண்ணப்ப வேலைக்கும் 8 ஜிபி தாராளம். இரண்டு ஸ்லாட்டிலும் 2 ஜிபி இருந்தால், ஒன்றைக் கழற்றி அங்கே 4 ஜிபி போட்டு 6 ஜிபியோடு சமாளிப்பதே சிக்கனம். மலிவு விலையில் வரும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே இயங்கும்; உங்களுடையது இன்டெல். எனவே கடையிலேயே மாட்டி, முழு அளவும் திரையில் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் நான் வரம்பு போடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் பிராசசர் விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் இல்லை. பிறருடைய ஆதார் எண்ணும் வங்கி விவரமும் உங்கள் கணினி வழியாகப் போகின்றன. அவர்கள் உங்களை நம்பிக் கொடுக்கும் விவரங்கள் அவை. ஆகவே எத்தனை ஜிபி போட்டாலும், இந்தக் கணினியை இனிப் பல ஆண்டுகள் ஓட்டக் கூடாது.

அதற்காக இன்றே இஎம்ஐக்குள் போக வேண்டியதில்லை. வட்டியில்லா இஎம்ஐ என்று விளம்பரம் செய்தாலும், பிராசசிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். மாதம் 3,500 ரூபாய் வீதம் வங்கியில் 12 மாத ஆர்டி (தொடர் வைப்பு) போட்டால், ஓராண்டில் 42,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அஞ்சலக ஆர்டி ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பொருந்தாது. ரேமோ எஸ்எஸ்டியோ எதை வாங்கினாலும் கடையின் பெயரில் பில் வாங்குங்கள். நீங்கள் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இல்லாமல் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால், அந்த 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.