ஏஎஃப்பி 2.7 என்றால்? முதலில் வாரக் கணக்கைப் பாருங்கள்

சகோதரி, 16வது வார ரத்தப் பரிசோதனையில் ஏஎஃப்பி (ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதம்) 2.7 எம்ஓஎம், குழந்தைக்கு முதுகுத்தண்டில் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஸ்கிரீனிங்தான், நோய் உறுதியானதாக அர்த்தமில்லை. 2.7 எம்ஓஎம் என்றால் அதே வாரத்தில் இருக்கும் கர்ப்பிணிகளின் நடு அளவைப் போல 2.7 மடங்கு, அவ்வளவுதான். பல ஆய்வகங்கள் 2.5க்கு மேல் போனாலே 'அதிகம்' என்று குறித்துவிடும்.

இந்தப் புரதத்தைக் குழந்தையின் கல்லீரல் சுரக்கிறது. முதுகுத்தண்டோ வயிற்றுச் சுவரோ மூடாமல் இருந்தால் பனிக்குட நீரில் அதிகமாகக் கசிந்து உங்கள் ரத்தத்திலும் கூடும். ஆனால் இரட்டைக் குழந்தை என்றாலும் கூடும், வாரக் கணக்கு தவறினாலும் கூடும். நீங்கள் கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் வைத்துத்தானே கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? 15 முதல் 20 வாரம் வரை ஏஎஃப்பி வாரத்துக்குச் சுமார் 15 சதவீதம் ஏறும், அதனால் உண்மையில் 18 வாரம் என்றால் உங்கள் 2.7 ஏறக்குறைய 2 ஆகிவிடும். ஆரம்பகால ஸ்கேன் இருந்தால் அதைக் கொடுத்துத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள். அப்படியே ரிப்போர்ட்டில் உங்கள் எடை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம் முதுகுத்தண்டை நிதானமாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன். அதிலும் தெளிவில்லை என்றால்தான் பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றிப் பேச்சு வரும். எல்லாம் சரியாக இருந்தும் ஏஎஃப்பிக்குக் காரணம் தெரியவில்லை என்றால், நஞ்சுக்கொடியையும் குழந்தையின் வளர்ச்சியையும் கடைசி மாதங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.