கிறிஸ்டியை முடித்துவிட்டேன், அடுத்து யார்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். அகதா கிறிஸ்டியின் 66 துப்பறியும் நாவல்களையும் படித்து முடித்துவிட்டேன். 'அடுத்த அகதா கிறிஸ்டி' என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி மூன்று புத்தகம் வாங்கினேன். மூன்றிலும் ஒரே ரத்தக்களரி, புதிரே இல்லை. புதிய பிரிட்டிஷ் எழுத்தாளர்களை எப்படித் தேடுவது?

பதில்: அட்டையில் இருப்பது விளம்பரம், சகோதரி. அதைப் பார்த்து இனி ஒரு பவுண்டு கூடச் செலவழிக்காதீர்கள். இன்னொரு எழுத்தாளர் புகழ்ந்த ஒற்றை வரியும் அதே ரகம்தான். பல நேரம் இருவருக்கும் பதிப்பாளர் ஒருவராகவே இருப்பார். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று இணையக்கடை காட்டும் வரிசை, நன்றாக விற்பதை மேலும் விற்கச் செய்யும் வழி. உங்கள் ருசியெல்லாம் அதற்குத் தெரியாது.

விருதுப் பட்டியல் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், ஆனால் சரியான விருதை. பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 1953-இல் தொடங்கியது. அது தரும் விருதுகளுக்கு 'டேகர்' (குத்துவாள்) என்று பெயர். எல்லோரும் கோல்ட் டேகரைத்தான் பார்ப்பார்கள். அது அந்த ஆண்டின் நல்ல குற்ற நாவலுக்கு. புதிர் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. நீங்கள் பார்க்கவேண்டியது 'டேகர் இன் த லைப்ரரி'. ஒரு புத்தகத்துக்கு அல்ல, ஓர் எழுத்தாளரின் மொத்த எழுத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள். பெயர்களை முன்மொழிபவர்கள் நூலகர்கள். முதல் நாவல்களுக்கு, சங்கத்தைத் தொடங்கிய ஜான் க்ரீசி பெயரில் தனி டேகர் இருக்கிறது.

பழைய ஆட்களும் உங்களுக்குப் புதியவர்களே. பிரிட்டிஷ் லைப்ரரி வெளியிடும் 'க்ரைம் கிளாசிக்ஸ்' வரிசையை எடுங்கள். ஜெஃபர்சன் ஃபார்ஜன் 1937-இல் எழுதி மறந்துபோன 'மிஸ்டரி இன் வைட்' 2014-இல் அதில் திரும்பி வந்து சக்கைப்போடு போட்டது. பனியில் ரயில் மாட்டிக்கொள்ளும் கதை. இந்த வரிசையில் மார்ட்டின் எட்வர்ட்ஸ் எழுதும் முன்னுரைகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் இன்னும் நாலு பெயர் கிடைக்கும்.

தொடர் நாவல்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம், கையில் கிடைத்ததை எடுங்கள். ஒரே விதிவிலக்கு டோரதி சேயர்ஸ். அவருடைய துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி, ஹேரியட் வேன் என்ற பெண்ணை விரும்புகிறார். 'ஸ்ட்ராங் பாய்சன்' (1930) நாவலில் காதலனுக்கு விஷம் வைத்த வழக்கில் அவள் கூண்டில் நிற்கிறாள். அங்கே தொடங்கும் கதை. அடுத்து 'ஹேவ் ஹிஸ் கார்கஸ்' (1932), பிறகு 'காடி நைட்' (1935), கடைசியில் 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' (1937). இந்த நான்கையும் மாற்றிப் படித்தால், அவள் சம்மதிப்பாளா மாட்டாளா என்ற தவிப்பே போய்விடும். 'காடி நைட்'டில் கொலையே கிடையாது. 'கொலை எங்கே?' என்று எனக்கு எழுதாதீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னொரு பொறி, ஒரே புத்தகத்துக்கு இரண்டு பெயர். அமெரிக்கப் பதிப்பில் தலைப்பை மாற்றிவிடுவார்கள். எட்மண்ட் கிறிஸ்பின் 1944-இல் எழுதிய 'த கேஸ் ஆஃப் த கில்டட் ஃப்ளை' அங்கே 'அப்ஸிக்வீஸ் அட் ஆக்ஸ்ஃபோர்ட்'. நான் பழைய புத்தகக்காரர் ஒருவரிடம் இரண்டையும் வாங்கினேன். பத்துப் பக்கம் போன பிறகுதான் 'அட, இவனை எனக்குத் தெரியுமே' என்று உறைத்தது. விற்றவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பழைய தலைப்பும் ஆண்டும் இருக்கும். காசு கொடுக்கும் முன் பாருங்கள். அந்தப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். காப்புரிமை முடிந்த நூலை ஸ்கேன் செய்து, பிழையோடு அச்சடித்துத் தள்ளும் சரக்கு அது.

நூலகத்திலும் நிம்மதி இல்லை. புதிர்க்கதை, தொடர்கொலைகாரன் கதை இரண்டுக்கும் முதுகில் ஒரே 'க்ரைம்' ஸ்டிக்கர் ஒட்டி ஒரே அலமாரியில் அடுக்குகிறார்கள். கேட்கலாம் என்று போனால் பல கிளைகளில் ஆள் இருக்கவேண்டிய இடத்தில் இயந்திரம் நிற்கிறது.

அதனால் வீட்டிலிருந்தே முன்பதிவு போடுங்கள். கிறிஸ்பினின் 'த மூவிங் டாய்ஷாப்' (1946) முதலில். கவிஞர் ஒருவர் ராத்திரி ஒரு பொம்மைக்கடைக்குள் பிணத்தைப் பார்க்கிறார். விடிந்து வந்தால் பிணம் மட்டுமல்ல, கடையையே காணோம், அங்கே மளிகைக்கடை இருக்கிறது. இன்றைய ஆள் வேண்டுமென்றால் ஆண்டனி ஹாரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' (2016). உங்கள் கிளையில் இல்லையென்றால் வேறு கிளையிலிருந்து வரவழைக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்கலாம் என்று தெரியாமலேயே பலர் காசு கொடுத்து வாங்கித் தொலைக்கிறார்கள்.